மேசையில் கடைசியாகச் சாப்பிடுபவர்

ஒரே மேசையில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். மூன்று பேர் முடித்துவிட்டார்கள். நான்காவது ஆள் இன்னும் பாதியில் இருக்கிறார். முடித்தவர்களின் தட்டுகளை சர்வர் அப்போதே எடுத்துவிடலாமா, எல்லோரும் முடிக்கும்வரை விட்டுவைக்க வேண்டுமா? இதை யாரிடமாவது கேட்டால், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல முதலில் பார்க்கிறார்கள். அப்புறம் யோசித்து ஒரு பதில் சொல்கிறார்கள், சொன்ன பதிலில் பிடிவாதமாகவும் இருக்கிறார்கள். "எச்சில் தட்டு முன்னாடி கிடந்தா எனக்கு ஆகாது, உடனே எடுத்துடணும்" என்பவர்கள் ஒரு பக்கம். "ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சுத்தி இருக்கறதை எடுத்தா, அவரை எழுந்திருங்கன்னு சொல்ற மாதிரி ஆகாதா" என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இந்த இரண்டாவது கட்சி. ஏன் இந்தக் கட்சி என்பதை எழுதிப் பார்த்தால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது.

அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு சிகிச்சை நடந்த பிறகு சாப்பிடும் வேகம் குறைந்துவிட்டது. சின்னச் சின்ன வாயாக எடுத்து, நன்றாக மென்று, இடையிடையே ஒரு மிடறு தண்ணீர் குடித்துத்தான் அவரால் விழுங்க முடியும். வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. வெளியே போய்ச் சாப்பிடுவது அவருக்கு எப்போதுமே பிடித்த விஷயம் என்பதால், உடம்பு கொஞ்சம் தேறியதும் குடும்பமாக ஓர் உணவகத்துக்குப் போனோம். மேசைக்கு வந்த சர்வர் இளைஞர், நல்ல பணிவு. ஆர்டரைப் பொறுமையாகக் கேட்டார், ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டார், எல்லாம் சொன்னபடியே வந்தது. நாங்கள் முடித்ததும் அருகே வந்து தம்பியைப் பார்த்து, "எடுத்துக்கலாமா சார்?" என்றார். பேச்சு மும்முரத்தில் தம்பி தலையாட்டினான். தட்டுகள் போயின. ஈரத்துணி வந்தது. அப்பாவின் தட்டு விளிம்புவரை மேசையைத் துடைத்தார். "வேற ஏதாவது வேணுமா சார்?" என்றும் கேட்டார். அப்பா தலையை நிமிர்த்தி மேசையை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். துடைத்த மேசையில் அவர் தட்டு ஒன்றுதான் மிச்சம். இன்னும் இரண்டு வாய் எடுத்தார். "போதும்பா, இதையும் எடுத்துடு" என்று தட்டை நகர்த்தினார். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. அதன் பிறகு வெளியே போகலாம் என்று கூப்பிட்டபோதெல்லாம், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டிலேயே சாப்பிட்டுக்கறேன்" என்றுதான் சொன்னார்.

இதில் என்னை உறுத்துவது, அந்த இளைஞரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான். நல்ல சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் வழக்கமாக அடுக்குகிற எல்லாமே அவரிடம் இருந்தது: மரியாதை, சுறுசுறுப்பு, சுத்தம், ஞாபகம், முகத்தில் சிரிப்பு. கேட்காமல் ஒன்றையும் எடுக்கவில்லை. அத்தனையும் இருந்தும் ஒரு மனிதர் பசியோடு எழுந்து போனார், மறுபடி வரவே இல்லை. அப்படியென்றால் நாம் சர்வரிடம் எதிர்பார்ப்பவை என்று போடுகிற பட்டியலிலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

கேட்டுவிட்டு எடுத்தால் சரியா?

"எடுத்துக்கலாமா" என்று கேட்பதே போதுமான நாகரிகம் என்று பலர் சொல்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் யாரிடம் கேட்கிறோம்? முடித்தவரிடம் கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். தன் தட்டு போவதால் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பாதிக்கப்படுகிறவர் பக்கத்தில் இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்பதில்லை. சரி, அவரிடமே கேட்டுவிட்டால்? "மத்தவங்க தட்டை எடுத்துடவா, நீங்க இன்னும் சாப்பிடறீங்களா" என்று கேட்டால் அது இன்னும் மோசம். அதுவரை யாரும் கவனிக்காமல் இருந்த அவருடைய மெதுவை, நாலு பேர் நடுவில் பேசுபொருளாக்கிவிடும் கேள்வி அது. அவரும் கூச்சத்தில் "எடுத்துக்கோங்க" என்றுதான் சொல்வார். பல நேரங்களில் "நானும் முடிச்சாச்சு" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்வார். ஆக, இந்த இடத்தில் வாயால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் பெரிய மரியாதை. கேள்வி கேட்டு முடிவைச் சாப்பிடுகிறவர் தலையில் வைப்பதைவிட, பார்த்துப் புரிந்துகொண்டு அந்த முடிவைத் தானே எடுக்கும் சர்வரை நான் பத்து மடங்கு மதிப்பேன்.

மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் ஏதோ அபூர்வமான ஆட்களும் இல்லை. பல்செட் வைத்திருப்பவர்கள், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையால் சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், குழந்தைக்கு ஊட்டிவிட்டுக் கடைசியில் தன் தட்டைத் தொடுகிற அம்மாக்கள், மேசையில் அதிகம் பேச வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகள். இவர்களில் யாரும் "நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன், தயவுசெய்து காத்திருங்கள்" என்று அறிவித்துவிட்டு உட்காரப் போவதில்லை.

பேச்சின் நடுவே வந்து நின்று "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு நேரம் உண்டு. முதல் சில வாய் உள்ளே போன பிறகு, தட்டு பெரும்பாலும் நிறைந்திருக்கும்போதே வந்து கேட்டால், ஏதாவது குறை இருந்தால் சரிசெய்ய வழி இருக்கும். முக்கால்வாசி சாப்பிட்ட பிறகு கேட்பதால் யாருக்கும் லாபமில்லை. அப்போது அது விசாரிப்பு இல்லை, சடங்கு. அதுவும் யாரோ ஒருவர் முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாய் நிறைய உணவோடு இருக்கும் இன்னொருவர் தலையாட்டி அந்தச் சடங்கை முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்தாலே போதும். தேவையுள்ளவர் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொள்வார்.

வெறுங்கையோடு போகக் கூடாது

என் தோழியின் அக்கா வெகுகாலம் சர்வராக இருந்து, பிறகு தளத்தைக் கவனிக்கும் மேற்பார்வையாளராகவும் இருந்தவர். இப்போது ஓய்வு. ஒரு நாள் அவரிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உடனே அந்த இளைஞரின் பக்கம் போய் நின்றார்.

"அந்தப் பையன் எதுக்கு எடுத்தான்னு நினைக்கிற?"

"டேபிளைச் சீக்கிரம் காலி பண்ணணும்னு சொல்லியிருப்பாங்க அக்கா."

"அதுவும் இருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. அவன் எப்படியும் கிச்சனுக்குத் திரும்பிப் போகணும். வெறுங்கையோட உள்ள போகாதே, வெறுங்கையோட வெளிய வராதே. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான். உங்க டேபிள்ல மூணு காலித் தட்டு இருக்கு. அதைப் பார்த்துட்டு எடுக்காம போனா, மேல இருக்கறவர் கண்ணுல அவன் சோம்பேறி."

இந்த ஒரு பதிலில் நான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த காட்சி திரும்பிவிட்டது. நான் அதை அவசரப்படுத்தல் என்று பார்த்திருந்தேன். அந்த இளைஞருக்கு அது ஒரு நடையை மிச்சப்படுத்துவது. ஒரு வேளைக்கு எத்தனையோ தடவை அடுக்களைக்கும் தளத்துக்கும் நடக்கிற ஒருவருக்கு, கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போவது தொழில்சுத்தம். அவர் எங்களைப் பார்த்துத் தட்டுகளை எடுக்கவில்லை. தன் கால்களைப் பார்த்து எடுத்தார். இதில் தப்பு என்று எதைச் சொல்வது? ஆனால் அப்பா பசியோடு எழுந்ததும் நிஜம்தானே.

"அப்போ எடுக்கறதுதான் சரின்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"நான் அப்படிச் சொல்லலையே. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லித் தருவேன் தெரியுமா? முடிஞ்ச தட்டை எண்ணாதீங்க, சாப்பிடற கையை எண்ணுங்க. ஒரு கை ஓடிக்கிட்டு இருந்தாலும் அந்த டேபிள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. பக்கத்து டேபிள்ல எடுத்துக்கிட்டுப் போ, வெறுங்கை பிரச்சனை தீர்ந்துடும்."

எச்சில் தட்டு முன்னால் கிடந்தால் ஆகாது என்பவர்களை என்ன செய்வார் என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அப்படிப்பட்டவர்கள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு சர்வரைத் தேடுவார்களாம், அந்தத் தேடலிலேயே தெரிந்துவிடுமாம். "அவங்க கேட்டா அந்த ஒண்ணை மட்டும் எடுப்பேன். இன்னொரு தட்டையாவது மேசையில விட்டு வைப்பேன். மெதுவா சாப்பிடறவர் தட்டுக்குத் துணை வேணும்ல? மத்தவங்க தம்ளர்ல தண்ணி ஊத்துவேன். கையில தம்ளர் இருந்தா அவங்களும் உட்கார்ந்து குடிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிடும். துணியை மட்டும் எடுக்கவே மாட்டேன். துடைச்சா டேபிள் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

தட்டுக்குத் துணை என்று அவர் சொன்னது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. எனக்கு விட்டுப்போனதாகத் தோன்றிய விஷயமும் இதுதான். சர்வர் கவனிக்க வேண்டியது தனித்தனி ஆட்களை இல்லை, ஒரு மேசையை. நாலு பேர் சேர்ந்து சாப்பிட வந்தால் அது ஒரு சாப்பாடு, நாலு சாப்பாடு இல்லை. அது எப்போது முடிகிறது என்பதைக் கடைசி ஆள்தான் தீர்மானிக்கிறார். அந்த ஒரு புரிதல் இருந்தால் மற்ற விதிகளில் பாதி தானாக வந்துவிடும். ஒருவருக்கு மட்டும் உணவை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க விடுவதும் இதே தப்பின் இன்னொரு முகம்தான். ஆரம்பத்தில் ஒருவர் தனியாகச் சாப்பிடும்படி ஆகிறது, கடைசியில் இன்னொருவர்.

அக்கா சொன்னதில் இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் விவரித்த எல்லாமே சர்வர் தானாக முன்கை எடுத்துச் செய்பவை. சொன்னதைக் கேட்டு நடப்பதுதான் நல்ல சேவை என்று நினைப்பவர்களோடு நான் உடன்பட முடியாதது இதனால்தான். 1940களில் வில்லியம் ஃபூட் வைட் என்ற சமூகவியலாளர் சிகாகோ உணவகங்களுக்குள் புகுந்து அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார். நெரிசல் நேரத்தில் பரிமாறும் பெண்கள் சிலர் உடைந்து அழுதுவிடுவதையும், சிலர் அதே நெரிசலில் அசராமல் நிற்பதையும் பார்த்து, வித்தியாசம் எங்கே என்று தேடினார். அசராமல் நின்றவர்கள் வாடிக்கையாளர் சொல்லும்வரை காத்திருக்காதவர்கள். மேசைக்கு வந்த உடனே, முதல் வார்த்தையிலிருந்தே, நிலைமையைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தவர்கள். அவர்களுக்கு அடுக்களைப் பக்கமிருந்தும் நெருக்கடி. பரிமாறும் பெண்களைவிடத் தங்களை அந்தஸ்து கூடியவர்களாக நினைத்துக்கொண்ட சமையல்காரர்கள், அந்தப் பெண்கள் குரல்கொடுத்து வேலை ஏவுவதை விரும்பவில்லை. ஆர்டர் சீட்டைக் குத்திவைக்க ஒரு கம்பியை நடுவில் வைத்ததும் அந்த உரசல் குறைந்தது. வாயால் ஏவுவது போய், சீட்டு பேச ஆரம்பித்தது. சர்வர் இரண்டு பக்கத்து அழுத்தத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்பதை நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மறந்துவிடுகிறோம்.

அதனால்தான் சிரிப்பை ஒரு கடமையாகக் கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே இதமான முகத்தைக் காட்டுவதும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்புதான் என்று, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் எழுதினார். அது உடம்பு உழைப்பைப் போலவே ஆளைத் தேய்க்கும். ஒரு சர்வரிடம் இருக்கும் தெம்பு அளவானது. அதை முகத்துக்குச் செலவிடச் சொல்கிறோமா, கண்ணுக்குச் செலவிடச் சொல்கிறோமா? எனக்குக் கண்தான் வேண்டும். சிரிக்காத முகத்தோடு வந்து, ஒருவர் இன்னும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போகும் சர்வர் எனக்குப் போதும்.

நேரம் யாருடையது

இதில் கடைக்காரரின் நியாயத்தையும் பேசாமல் விட முடியாது. உணவகத்தின் சரக்கு உணவு மட்டும் இல்லை, இருக்கையும்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷெரில் கைம்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் ஒரு கணக்கை முன்வைத்தார்கள்: ஓர் இருக்கை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வருமானம் தருகிறது என்று பார்க்க வேண்டும். விமானத்தில் காலியாகப் போன இருக்கையைத் திரும்ப விற்க முடியாது என்பதுபோல, இங்கேயும் போன மணி நேரம் போனதுதான். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் ஓடுகிற தொழிலில் இந்தக் கணக்கைப் பார்க்காதே என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் ஆட்கள் காத்து நிற்கும்போது ஒரு மேசை பதினைந்து நிமிடம் முன்னால் காலியானால் அது உண்மையான லாபம்.

கேள்வி, அந்தப் பதினைந்து நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான். பிரெஃப்னி நூனும் அவருடைய சக ஆய்வாளர்களும், கைம்ஸும் அவர்களில் ஒருவர், இதையேதான் ஆராய்ந்தார்கள். சாப்பாட்டு நேரத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: உட்கார்ந்து ஆர்டர் கொடுப்பதுவரை ஒன்று, சாப்பிடுவது ஒன்று, பில் வந்து பணம் கட்டிக் கிளம்புவது ஒன்று. முதலிலும் கடைசியிலும் வேகம் கூடினால் சாப்பிட வந்தவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள், பல நேரம் அதையே விரும்புகிறார்கள். நடுவில் வேகத்தைக் கூட்டினால்தான் மனம் கசக்கிறது. யோசித்துப் பார்த்தால் நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். உட்கார்ந்த பிறகு மெனு வராமல் விழிப்பதும், பில் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பதும் யாருக்குப் பிடிக்கும்? அந்த இரண்டு முனைகளிலும் வீணாகும் நேரத்தை மீட்டால், நடுவில் ஒரு முதியவர் மெல்லுகிற நிமிடங்களைத் தொட வேண்டிய தேவையே வராது. ஆனால் பல இடங்களில் நேர்மாறாக நடக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டு பறக்கிறது. முடித்துவிட்டு பில் கேட்டால் ஆளைக் காணவில்லை. அது சர்வரின் குணக்கேடு இல்லை. எந்த நேரத்தில் எத்தனை பேரைத் தளத்தில் நிறுத்துவது, பணம் வாங்கும் இடத்தை எப்படி அமைப்பது என்று தீர்மானிக்கிறவர்களின் திட்டக்குறை.

உணவகம் என்ற ஏற்பாடு பிறந்த கதையைப் படித்தபோது இந்த விஷயத்தில் என் பிடிவாதம் இன்னும் கூடியது. 18ஆம் நூற்றாண்டு பாரிஸில் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் பெரும்பாலும் பொதுமேசைதான் வழி. குறித்த நேரத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, நடுவில் வைத்ததை எடுத்துச் சாப்பிட வேண்டும். வேகமானவர்கள் அள்ளிக்கொள்வார்கள். மெதுவாக மெல்லுகிற மனிதர் அந்த நீர்க்காகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பட்டினியாகவே எழுந்திருக்க வேண்டியதுதான் என்று லூயி செபாஸ்தியான் மெர்சியே 1780களில் ஆதங்கப்பட்டு எழுதியிருக்கிறார். 1760களில் அங்கே தோன்றிய புதுவகைக் கடைகள் இதற்கு ஒரு மாற்றாக வந்தன. உடம்பு பலவீனமானவர்களுக்குத் தெம்பு தரும் சாறு கொடுப்பதாகச் சொல்லித்தான் அவை தொடங்கின. வந்த நேரத்தில் சாப்பிடலாம், தனி மேசை, தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அதாவது, உணவகம் என்பதே பலவீனமானவர்களும் தங்கள் நேரத்தில் நிதானமாகச் சாப்பிடலாம் என்ற வாக்குறுதியோடு ஆரம்பித்த ஒன்று. மெதுவாகச் சாப்பிடுகிறவருக்காகக் காத்திருப்பதை ஒரு சலுகையாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தட்டை எப்போது எடுப்பது என்ற கேள்வி பெரிதானதும் அதற்குப் பிறகுதான். பழைய பிரெஞ்சு விருந்துகளில் ஒரு சுற்றுக்கான பதார்த்தங்கள் எல்லாம் ஒன்றாக மேசையில் நிறைந்திருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் ரஷ்ய முறையை 1810 வாக்கில் பாரிஸுக்கு அறிமுகப்படுத்தியவர் தூதர் குராக்கின் என்று சொல்வார்கள். அந்த முறை மெல்ல மெல்ல வழக்கமானதும், அடுத்தது வருவதற்கு முன் முந்தியது போக வேண்டும் என்றாகிவிட்டது. கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது: மேசையில் எல்லோரும் முடிக்காமல் அந்தச் சுற்றின் தட்டுகளைத் தொடக் கூடாது. முறைப்படியான விருந்துகளில் இன்றும் இதுதான் ஒழுங்கு. எந்தப் பக்கமிருந்து பரிமாறுவது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்பதிலெல்லாம் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கலாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இந்த ஒரு கட்டுப்பாட்டில் மட்டும் ஒரு கருணை இருக்கிறது.

நம் பக்கத்து வேலை

டிப்ஸ் இதற்கெல்லாம் மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. நன்றாகப் பரிமாறினால் கூடக் கொடுப்போம், இல்லையென்றால் குறைப்போம், அதில் அவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது வாதம். டிப்ஸ் கொடுக்கும் பழக்கத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த மைக்கேல் லின் போன்றவர்களின் முடிவு வேறு. சேவை எப்படி இருந்தது என்பதற்கும் எவ்வளவு டிப்ஸ் வந்தது என்பதற்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது. கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பழக்கத்தின்படியும் பில் தொகையின்படியும் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, குறைந்துபோன டிப்ஸைப் பார்த்து, "நான் அந்தப் பெரியவரின் மேசையைத் துடைத்ததால்தான்" என்று ஒரு சர்வர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பணம் வாய் பேசாது. நாம்தான் பேச வேண்டும்.

பேசுவதற்கு முன்னால் மேசையில் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. விருந்து கொடுப்பவர் தன் தட்டில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, கடைசி விருந்தாளி முடிக்கும்போதுதான் தானும் முடிக்க வேண்டும் என்பது பழைய நாகரிகம். அதை யார் வேண்டுமானாலும் கடைப்பிடிக்கலாம். மெதுவாகச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கடைசி வாயை ஒரு ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டால் போதும், அங்கே இரண்டு தட்டு இருக்கும். சர்வர் கை நீட்டும்போது "கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொல்வதும் அப்படித்தான். அதைச் சொல்ல வேண்டியது முடித்தவர். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாயிலிருந்து அது வரும்படி விடக் கூடாது. தட்டுகளை நாமே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உதவுவதாக நினைப்பவர்களுக்கு அக்கா சொன்ன ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: மிச்சம் இருக்கிற தட்டுகளைத் தாறுமாறாக அடுக்கினால் தூக்குவது கஷ்டம். அதோடு, அடுக்கிய தட்டுகளைப் பார்க்கிற சர்வர் எடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்து மறுபடி வெளியே அழைத்துப் போனது அக்காவோடு பேசிய பிறகுதான். இப்போதெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போதே, எங்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறோம்: "தட்டெல்லாம் கடைசியில ஒண்ணா எடுத்துக்கலாம், நாங்க கூப்பிடறோம்." யாருக்காக என்று சொல்வதில்லை. முதல் தடவை அப்படிச் சொன்னபோது அந்த சர்வர் பெண் தயங்கினார். ஓரமாக நின்ற மேற்பார்வையாளர் பக்கம் கண் போனது. அவர் ஏன் தயங்கினார் என்று எனக்கு அக்காவால்தான் புரிந்தது: காலித் தட்டுகளைத் தாண்டி அவர் வெறுங்கையோடு நடந்தால் கேள்வி அவருக்குத்தான் வரும். அதனால் நான் எழுந்து போய் மேற்பார்வையாளரிடமே சொன்னேன். எங்கள் மேசையில் தட்டு எடுக்காமல் இருப்பது நாங்கள் கேட்டுக்கொண்டது, அதற்காக அந்தப் பெண்ணை எதுவும் சொல்ல வேண்டாம் என்று. அவர், "அதுக்கென்னங்க, தாராளமா" என்றார். வேண்டுகோளைச் சர்வரிடம் சொல்வதோடு மேற்பார்வையாளர் காதிலும் போடுவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். சில இடங்களில் உடனே புரிந்துகொள்கிறார்கள். சில இடங்களில் சரி என்று சொல்லிவிட்டு, ஆள் மாறும்போது வேறொருவர் வந்து தட்டில் கை வைக்கிறார். அப்போது மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன்.